எட்டாவது பெயர்

பட்டியலில் என் மகள் ஒன்பதாவதாக இருந்தாள். அவளுக்கு மேலே எட்டாவதாக இருந்த பெண் இறந்து ஏழு மாதமாகியிருந்தது.

பட்டியல் என்று நான் சொல்வது தேசிய ஜூனியர் பேட்மிண்டன் தரவரிசை, பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஒற்றையர் பிரிவு. செவ்வாய்க்கிழமைதோறும் புதிதாக வரும். ஒரு போட்டியில் எத்தனை சுற்று தாண்டினோமோ அதற்குத் தக்க புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஆயுள் ஒரு வருடம்; வருடம் முடிந்த வாரம் தானாகக் கழிந்துவிடும். ஆளுக்கு ஆயுள் எவ்வளவு என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அந்தப் பெண் சாத்தூர்க்காரி. என் மகள் வயதுதான், பதினேழு. விருதுநகர் உள்விளையாட்டரங்கில் இரண்டு பேரும் எத்தனையோ தடவை மோதியிருக்கிறார்கள். என் மகள் ஒருதடவைகூட ஜெயித்ததில்லை. அந்தப் பெண் ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். போகும்போது பதினான்காவது இடத்தில் இருந்தாள். வருடம் பிறந்ததும் மேலே இருந்தவர்களில் சிலர் பத்தொன்பது வயதைத் தாண்டி வெளியேறினார்கள். சிலருக்குப் பழைய புள்ளிகள் கழிந்தன. இவள் ஆடாமலேயே பன்னிரண்டு, பத்து, எட்டு என்று ஏறிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் போனைத் திறந்து அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு உடனே மூடிவிடத் தோன்றும். நானும் ஒரு தாய்தான், ஆனாலும் துக்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். பயமும் எரிச்சலும்தான்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் நடக்கும் பெரிய ஜூனியர் போட்டிக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆட்டத்தேர்வு வைப்பார்கள். தரவரிசையில் முதல் எட்டுப் பேருக்குத்தான் அழைப்பு. ஒன்பதாவது ஆள் காத்திருப்பு. எட்டில் ஒருவர் வராவிட்டால்தான் உள்ளே போகலாம். இந்த வருடக் கடைசியில் என் மகளுக்குப் பதினெட்டு; பத்தொன்பது பிறக்கும் அடுத்த வருடம் இந்தப் பிரிவில் ஆட முடியாது. அவளுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு.

எந்தச் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை வைத்துக் கூப்பிடுவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். அந்த மாதத்தில் ஐந்து செவ்வாய். செத்த பெண் அரையிறுதி வரை போய் வாங்கிய பெரிய புள்ளி ஒன்று நாலாவது செவ்வாய்க்குப் பிறகு கழிகிறது. ஐந்தாவது செவ்வாய்ப் பட்டியலில் அவள் சறுக்குவாள், என் மகள் எட்டுக்கு வருவாள். கணக்கு அம்புட்டுச் சுத்தமாக இருந்தது. அந்த நம்பிக்கையில், அந்த மாதத்தில் அசாமில் நடந்த தரவரிசைப் போட்டிக்கு மகளை அனுப்பாமல் விட்டேன். எனக்கு அது சீசன், லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்துவிட வேண்டும். அதனால் சித்திரையிலிருந்தே எங்களுக்கு அடுத்த வருடம் தொடங்கிவிடும். ராகு காலம், கரிநாள், பல்லி விழும் பலன் எல்லாம் ஒரு வருடம் முன்னதாகவே எங்கள் கண்ணில் பட்டுவிடும். வீட்டுச் சுவரில் நடப்பு வருடக் காலண்டர் தொங்கி நான் பார்த்ததில்லை. கழித்துப்போட்ட புரூஃப் தாள்தான் தொங்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். நான் எண்ணியது அடுத்த வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளை. இந்த வருடம் அந்த மாதத்தில் செவ்வாய் நான்குதான்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இருபது வருடம் அந்தப் பல்லிப் பலனைத் திருத்திய நான் அதே பானையில் விழுந்தேன். நாலாவது செவ்வாய்ப் பட்டியல் வந்தது. எட்டாவது இடத்தில் செத்த பெண்தான் இருந்தாள். மகளிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பேட்மிண்டன் சங்கத்துக்குப் போன் செய்தேன். "குடும்பத்தார் எழுத்து மூலம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவோம்" என்றார்கள். மற்றவர் சொன்னால் செல்லாதாம். மறுநாள் மதியம் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வீடு வைப்பாற்றுப் பக்கம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். தூரத்தில் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதிக்கிற சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்தாள். என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கக்கா. நீங்க வருவீகன்னு அவ அப்பாகிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள்.

கூடத்தில் மட்டைப்பை ஆணியில் தொங்கியது. அதன் கீழே ஷூ, துடைத்து வைத்திருந்தது. ஷூவின் நாடா கட்டியபடி இருந்தது. சுவர் முழுக்க வாராவாரம் வந்த தரவரிசைத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயருக்கு மட்டும் மஞ்சள் கோடு. அதற்குக் கீழே என் மகள் பெயர், கோடு இல்லாமல். அந்தச் சுவரில் என் மகளை அத்தனை தடவை பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"எட்டுக்கு வந்துட்டா, பாத்தீகளா" என்றாள் அவள். "உங்க புள்ளையும் பக்கத்துலயே வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரும் சோடியா ஏறுறாக."

அவள் புருஷன் இரும்புக்கடை வைத்திருப்பவர். உள்ளேயிருந்து காபியோடு வந்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அழைப்பு வந்துருச்சுக்கா" என்று அவள் போனை நீட்டினாள். அவள் மகள் பெயர் போட்டு, அன்புடன் வரவேற்கிறோம் என்று இருந்தது. "வர்றோம்னு பதில் போட்டுட்டோம். கூப்பிட்டிருக்காக, போகாம இருந்தா மருவாதையா?"

நான் என்ன கேட்கப் போனேனோ அது வாயில் வரவில்லை. இரக்கத்தால் அல்ல. அந்த வீட்டில் அதைச் சொன்னால் உள்ளறையிலிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். காபியை அரைவாசி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அழைக்கப்பட்டவர் அன்று காலை வரவில்லை என்றால்தான் காத்திருப்பு ஆளுக்கு இடம். ஆகவே நாங்களும் போய்த்தான் ஆகவேண்டும். வடக்கே இரண்டு நாள் ரயில் பயணம். விருதுநகரில் நானும் மகளும் ஏறினோம். எங்கள் பெட்டியிலேயே அவர்கள் இருந்தார்கள், சாத்தூரில் ஏறியிருந்தார்கள். மூன்று டிக்கெட் எடுத்திருந்தார்கள். நடுப்படுக்கையில் மட்டைப்பை படுத்திருந்தது. டிக்கெட் பரிசோதகர் மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார். "இருக்கா" என்றாள் அந்த அம்மா. அவர் பெயரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அடையாளம் இட்டுவிட்டு நகர்ந்தார். என் மகள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அந்த அம்மா அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. ஒருவர் வராததை நம்பித்தானே நானே போய்க்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தேர்வு அன்று காலை எட்டு மணிக்கு மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். வந்தவர்கள் கை தூக்கினார்கள். எட்டாவது பெயரை வாசித்தார்கள். கை எதுவும் உயரவில்லை. மறுபடி வாசித்தார்கள். என் பக்கத்தில் அந்த அம்மா முதுகை நிமிர்த்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டில் பெண்ணை மேடைக்கு அழைக்கும்போது பெற்றவள் உட்காருவாளே, அப்படி. மூன்றாவது முறையாக வாசித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாராவது 'வந்திருக்கேன்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று காதையும் பொத்தப் போனேன். யாரும் சொல்லவில்லை. என் மகளைக் கூப்பிட்டார்கள்.

முதுகில் குத்திக்கொள்ளும் பெயர்த்தாள் ஏற்கெனவே அச்சாகியிருந்தது, செத்த பெண்ணின் பெயரில். ஆட்டக் குறிப்பிலும் அதே பெயர். மேசையில் இருந்தவர் இப்போதைக்கு இதையே குத்திக்கொண்டு ஆடட்டும் என்றார். பெயர் மாற்றத்துக்கு ஆடுகிற பிள்ளையைப் பெற்றவர் கையெழுத்து வேண்டும், அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மாற்ற முடியாது, முடிவெல்லாம் இருக்கிற பெயருக்கே போய்விடும் என்றும் சொன்னார். நாலு பேர் கொண்ட பிரிவில் மூன்று ஆட்டம், முதல் இரண்டு பேர் அணிக்குள். முதல் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது; நான் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம். நடுவர் அந்தப் பெயரை அறிவித்தார். பின்கோட்டின் வலது மூலையிலிருந்து, ஓங்கி அடிப்பதுபோல் கையைக் கொண்டுபோய், கடைசி நொடியில் இறகுப்பந்தை வலைக்கு அந்தப்பக்கம் சொட்டென்று போடுகிற அடி ஒன்று உண்டு. அது சாத்தூர்க்காரியின் அடி. விருதுநகரில் என் மகளை அதை வைத்துத்தான் தோற்கடிப்பாள். என் மகளுக்கு அது வராது; பயிற்சியாளர் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் வரவில்லை. அன்றைக்கு வந்தது. ஒன்றல்ல, ஐந்து தடவை. ஜெயித்ததும் அவள் கேலரியை நோக்கி மட்டையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த அந்த அம்மா கையைத் தூக்கினாள். என் மகள் என்னைப் பார்த்துத்தான் மட்டையைத் தூக்கினாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கீழே போய்த் தண்ணீர் கொடுத்தேன். "அந்த அடி எப்பப் பழகுன?" என்று கேட்டேன்.

"எந்த அடி?" என்றாள். பிறகு, "அந்தப் பேரைக் கூப்பிட்டாகன்னா எனக்குக் காலு தன்னால போகுதும்மா" என்றாள். முகத்தில் வேர்வையே இல்லை.

இரண்டாவது ஆட்டமும் ஜெயித்தாள். எதிராளி தரவரிசையில் மூன்றாவது. நான் கைதட்டவில்லை. சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் எனக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் படிவம் பைக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பெயரில் ஆடினால் ஜெயிக்கிறாள், கடைசி நிமிடம் வரை அப்படியே இருக்கட்டுமே என்று என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் படிவத்தை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"இந்த ஒரு ஆட்டமும் அவ பேர்லயே போகட்டும்க்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"முடியாதும்மா. இது எம் புள்ள" என்றேன்.

அவள் புருஷன் அவள் கையை என் கையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். "கையெழுத்துப் போடுங்க" என்றார் என்னிடம். "நாங்க அப்பவே எழுதிக் கொடுத்திருக்கணும். இவளுக்காகத்தான் கொடுக்கல." நான் மேசைக்குப் போய் அந்தப் பெயரை அடித்து, மேலே என் மகள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதுகுத் தாளையும் மாற்றினார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் தோற்றாள். ஆனாலும் முதல் இரண்டு வெற்றியில் பிரிவில் இரண்டாமிடம் கிடைத்தது. என் மகள் இந்திய ஜூனியர் அணிக்குத் தேர்வானாள். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள், அவள் சொந்தப் பெயரை. எதற்காக இத்தனை வருடம் விடியுமுன் எழுந்து விருதுநகருக்கும் சிவகாசிக்கும் அலைந்தேனோ அது என் கைக்கு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

பக்கத்தில் அந்த அம்மா ஆடுதளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம புள்ளையக் காணோமே, எங்க போயிட்டா?" என்று கேட்டாள்.

கீழே என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக் குனிந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை. அப்போது அந்த அம்மா, அடுக்களையிலிருந்து கூப்பிடுவதுபோல் சாதாரணமாக, தன் மகள் பெயரைச் சொன்னாள்.

என் மகள் திரும்பி, "என்னம்மா?" என்றாள்.