காற்றுக்குக் கூலி

கீழ்வீட்டக்காவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. "நீயா? அவங்கள பத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏன், திட்டுவதற்கு மட்டும்தான் எனக்கு வாய் இருக்கிறதா? எழுதுவேன். யார் சிரித்தாலும் எழுதுவேன்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இந்தக் கட்டிடத்துக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நான் அதிகம் திட்டிய ஆள் அக்காதான். காரணம், எங்கள் இருவருக்கும் ஒரே தொழில். நாய் படுக்க மெத்தை தைத்து ஆன்லைன் சந்தையில் விற்கிறோம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். "மனுஷனே தரையில படுக்கிறான், நீ நாய்க்கு மெத்த தைக்கிறியா?" என்று என் பெரியப்பா கூடக் கேட்டார். வாங்க ஆள் இருக்கிறது பெரியப்பா, நான் என்ன செய்ய? வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு எங்களுக்குச் சோறு, வாடகை, மகளின் படிப்பு எல்லாமே இந்த மெத்தைதான். அவர் வெட்டித் தைப்பார், நான் பஞ்சு அடைத்து வாய் மூடுவேன்.

அக்காவின் மெத்தையும் அதே வட்டம், அதே உயர்ந்த ஓரம். சந்தையில் தேடிப் பார்த்தால் அவருடையது ஒரு படி மேலே நிற்கும், என்னுடையது கீழே. பல் தேய்ப்பதற்கு முன்பே போனை எடுத்து அதைப் பார்த்து வயிறெரிவதுதான் என் காலை வழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்கு நாய் என்றாலே உதறும். தெருமுனையில் ஒரு குட்டி வாலை ஆட்டினாலும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஆள் ஒல்லி, ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு நாடா தொங்கும், தலைமுடியில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். பேச்சு வெடுக் வெடுக்கென்று வரும். கணவர் இறந்துவிட்டார். மாமனாரும் அவரும் மட்டும்தான். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார், ஒட்டி முடித்ததும் அந்தப் பெட்டி மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். அப்புறம் அந்த வாக்யூம் கிளீனர் சத்தம்! காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை எங்கள் தரை கிடுகிடுவென்று அதிரும். "அப்படி என்ன தூசி இருக்கு இந்தம்மா வீட்டுல? அருங்காட்சியகமா நடத்துறாங்க?" என்று நான் தினமும் பொருமுவேன்.

எங்கள் தொழிலில் ஆளைத் தின்பது சரக்குக் கூலிதான். மெத்தைகளை ஊருக்கு வெளியே இருக்கும் சந்தைக்காரர்களின் பெரிய குடோனுக்கு நாமே அனுப்பி வைக்க வேண்டும். அங்கே இருப்பு இருந்தால்தான் விற்பனை நடக்கும். நாய் மெத்தையோ பஞ்சு மாதிரி லேசு, ஆனால் பெட்டி யானைக்குட்டி அளவு. பார்சல்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவைப் பார்த்துத்தான் கூலி போடுவார்கள். பெட்டிக்குள் பாதி காற்று, அந்தக் காற்றுக்கும் சேர்த்து அழ வேண்டும்.

ஒரு நாள் மதியம் அக்கா மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். அதுவரை அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை.

"இந்தாம்மா, வாரத்துக்கு உனக்கு எத்தன பெட்டி போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குக் கேக்குறீங்க?"

"உன் வியாபாரத்த நோண்ட வரல. சந்தைக்காரங்களே ஒரு பெரிய லாரிக் கம்பெனியோட பேசி வெச்சிருக்காங்க. அந்த லாரியில குடோனுக்கு அனுப்பினா கூலியில நல்ல தள்ளுபடி. ஆனா ஒரே முகவரியில வாரா வாரம் ஒரு பேலட் நிறைய சரக்கு இருந்தாத்தான் லாரி வாசலுக்கு வரும். நான் தனியா போட்டா பாதிதான் நிறையுது. நீ போட்டாலும் பாதிதான். சேந்து போடுவமா?"

பேலட் என்றால் சரக்கு அடுக்கும் மரப்பலகை மேடை. அதை அப்படியே தூக்கி லாரியில் வைத்துவிடுவார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று அனுப்பிவிட்டு, வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன். "பாத்தீங்களா? நம்மள வேவு பாக்க வந்திருக்காங்க. நான் என்ன காதுல பூவா வெச்சிருக்கேன்?"

அவர் மெஷினை நிறுத்தாமலே, "வேவு பாக்கிறவங்க கதவத் தட்டிட்டா வருவாங்க? கூலி குறையுதுன்னா பேய் கூட சேந்தும் லாரி பிடிக்கலாம். போய் சரின்னு சொல்லு" என்றார்.

மறுநாள் அக்கா எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். சந்தையில் என் கணக்கைத் திறந்து, என் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைத் தட்டி, அனுப்பும் வழியில் அந்தத் தள்ளுபடி லாரியைத் தேர்ந்தெடுத்தார். "இங்க 'என் சொந்தப் பார்சல்'னு ஒண்ணு இருக்கு பாரு, அத மட்டும் தொட்டுடாத. லேபிள் அச்சடிச்சதுக்கு அப்புறம் மாத்த முடியாது" என்றார். நான் பெட்டியின் மூலையில் நாடாவை வைத்து அளந்தேன். படக்கென்று கையைத் தட்டிவிட்டார்.

"வயித்துல அளம்மா! மூலையில அளந்து என்ன பிரயோஜனம்? லாரிக்காரன் எங்க உப்பியிருக்கோ அங்கதான் அளப்பான். அளவு தப்புனா தள்ளுபடி போச்சு. அப்புறம் இன்னொண்ணு. லேபிள பெட்டியோட வாய் மேல ஒட்டாத. குடோன்ல அங்கதான் பிளேடு போட்டுத் திறப்பாங்க. லேபிள் ரெண்டாக் கிழிஞ்சா உன் சரக்கு யாருதுன்னே தெரியாம அநாதையாக் கெடக்கும். எங்க மாமா ஒரு தடவ அப்படி ஒட்டிட்டாரு, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அந்த வியாழக்கிழமை முதல் லாரி வந்தது. அன்றிலிருந்து வாரா வாரம் வந்தது. கூலி குறைந்ததும் எங்கள் வீட்டில் மூச்சு விட முடிந்தது. அதற்காக நாங்கள் ஒன்றும் கொஞ்சிக் குலாவவில்லை. பேலட்டில் பாதி அவருக்கு, பாதி எனக்கு, அத்தோடு சரி. எனக்கு ஒரு சந்தேகம் வேறு. என்னுடைய பெட்டி அளவுதான் அவருடையதும். நான் நான்கு மெத்தை திணிக்கும் இடத்தில் அவர் பத்து வைக்கிறார். "பஞ்சக் குறைச்சு ஏமாத்துறாங்க, வேறென்ன!" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

விடுமுறைக் காலம் நெருங்கியது. மெத்தை மளமளவென்று விற்றது, குடோனில் என் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இருப்பு தீர்ந்து போனால் சந்தைக்காரர்கள் தேடல் வரிசையில் நம் பக்கத்தைக் கீழே தள்ளிவிடுவார்கள். மறுபடி மேலே ஏற மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதம் எங்களால் தாங்க முடியாது. மெஷினை விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டியதுதான். அதனால் இரண்டு பேரும் மாடு மாதிரி உழைத்து மெத்தைகளைத் தைத்து அறை முழுக்கக் குவித்திருந்தோம். பெட்டியில் போட்டு வியாழக்கிழமை லாரியில் ஏற்றுவதுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை எனக்கு வயிற்றில் பிடித்துக்கொண்டது. குடல்வால். அதற்கென்று நேரம் பார்த்து வந்தது சனியன். மகளை என் அண்ணி கூட்டிப் போனார். வீட்டுக்காரர் என்னைத் தாங்கிப் பிடித்துப் படி இறக்கும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா நின்று பார்த்தார். அந்த வலியிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'இனிமே உனக்கு ஜாலிதான்' என்று. நான் மூழ்கினால் என்னிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் நேராக அவரிடம்தானே போவார்கள்?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதலில் கேட்டது லாரியைத்தான். வீட்டுக்காரருக்குத் தைக்கத் தெரியும், கம்ப்யூட்டர் என்றால் காத தூரம் ஓடுவார். "நீ படு, எல்லாம் பாத்துக்கலாம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது? வியாழக்கிழமை முழுவதும் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரரோ நிமிஷத்துக்கு ஒரு தரம் என் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கே நின்று ஏதேதோ எண்களைச் சொல்வது அரைத் தூக்கத்தில் கேட்டது. கடன் கேட்டு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அறை காலி. ஒரு மெத்தை இல்லை.

"ஐயோ, வித்துட்டீங்களா? வந்த விலைக்குத் தள்ளிட்டீங்களா?" என்று தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"கத்தாத. தையல் பிரிஞ்சிடும். எல்லாம் லாரியில போயிடுச்சு. கீழ அக்காதான் நம்ம சாவிய வாங்கிட்டு வந்து அனுப்புனாங்க. உன் போனுக்கு ஓ.டி.பி. வரும், நான் படிச்சுச் சொல்லுவேன், அவங்க இங்க உக்காந்து தட்டுவாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"ஆஸ்பத்திரியிலயே சண்டைக்குக் கெளம்பிடுவியாம்."

நான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே போனேன். அக்கா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நுழைய இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள், லேபிள் ஒட்டி, தேதி போட்டு, எல்லாம் அக்காவின் பெட்டிகள். நடுவில் மாமனார் ஒரு பெட்டி மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வாம்மா! உன் பெட்டி எல்லாம் ஏறிடுச்சு. எங்களுதுதான் எறங்கிடுச்சு."

"மாமா, நீங்க சும்மா இருங்க" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வெடித்தது.

அவர் சும்மா இருக்கிற ஆளா? அத்தனையும் கொட்டிவிட்டார். என் மெத்தைகள் பேலட்டில் பாதியைத் தாண்டிவிட்டனவாம். இன்ன உயரத்துக்கு மேல் அடுக்கினால் எடுக்க மாட்டேன் என்று லாரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த தன் பெட்டிகளை அக்கா ஒவ்வொன்றாக இறக்கினாராம். போனை எடுத்து சந்தையில் தேடினேன். என் மெத்தை முதலாவதாக நின்றது. அக்காவுடையதைக் காணோம். தேடிக்கொண்டே போனால் எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. 'இருப்பு இல்லை' என்று எழுதியிருந்தது.

பெட்டிகளுக்கு இடையில் ஒருக்களித்து நுழைந்து, உள்ளே மெத்தையும் கையுமாக உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க பொழப்பு என்னாகும்?"

"நீ மூழ்கிட்டா வாரா வாரம் பேலட்ட யாரு நிறைப்பா? தள்ளுபடி போயிடும். என் சுயநலம்தான், போ."

"நான் மூழ்கினா என் வியாபாரம் உங்களுக்கு வந்திருக்கும். பேலட்ட நீங்களே தனியா நிறைச்சிருப்பீங்க. எனக்கு அவ்வளவு கூடவா புரியாது?"

அக்கா கையில் இருந்த மெத்தையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி நாங்க ஸ்கூல் பை தச்சு வித்தோம். நல்லாத்தான் போச்சு. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இதே மாதிரி சரக்கு வீட்டுலயே நின்னுடுச்சு. அவரு போனாரு, அதுவும் போச்சு. ஒரு பெட்டிய எடுத்து வண்டியில வைக்க ஒரு நாதி இல்ல. உன்ன அன்னிக்குப் படியில எறக்கிக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? என்னால பாத்துட்டு சும்மா நிக்க முடியல."

உடனே எழுந்து, "அத விடு. உன் மெத்தையெல்லாம் எப்படிப் பெட்டியில அடங்குச்சுன்னு கேக்க மாட்டியா?" என்றார். ஒரு மெத்தையைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாக்யூம் கிளீனரின் குழாயை அதன் வாயில் செருகி, ஸ்விட்சைப் போட்டார். என் கண் முன்னாலேயே அந்த மெத்தை சுருங்கிச் சுருங்கி அப்பளமாகிவிட்டது. பையைப் பிரித்துக் காட்டினார், மறுபடி பொம்மென்று உப்பிக்கொண்டது. பஞ்சில் ஒரு பிடி கூடக் குறையவில்லை. இத்தனை காலம் தூசி, தூசி என்று நான் திட்டிய சத்தம் இதுதான். காற்றை வெளியே எடுத்துவிட்டு மெத்தைக்கு மட்டும் கூலி கட்டியிருக்கிறார். தொழில் ரகசியம்! அதை எனக்காகத் திறந்து, என் மெத்தை அத்தனையையும் தானே உறிஞ்சி, தானே பெட்டி போட்டிருக்கிறார்.

அடுத்த வியாழக்கிழமை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கீழ்வீட்டுப் பெட்டி மொதல்ல! எங்களுது ஒண்ணு கூட வேணாம்!" என்று லாரிக்காரரிடம் கத்தினேன். "பச்ச ஒடம்போட ஒனக்கு இங்க என்ன வேல? உள்ள போ!" என்று அக்கா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பெட்டி எல்லாம் ஏறியது. ஆனாலும் அக்காவின் பக்கம் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. காலையில் இப்போதும் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்க்கிறேன், அவருடையது எத்தனை படி ஏறியிருக்கிறது என்று.

நன்றி சொல்லத்தான் முடியவில்லை. மெத்தையை உறிஞ்சிக் காட்டிய அன்றே வாயைத் திறந்தேன். "அக்கா, நீங்க செஞ்சது..." என்று ஆரம்பித்ததும் வாக்யூம் கிளீனரைப் போட்டுவிட்டார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுநாள் போனேன், அதேதான். டீ போட்டுக் கொண்டு போனேன், டீயை வாங்கி வைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினார்.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதை மாமாவிடம் கொடுத்து சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். படிப்பதற்கு முன் மறக்காமல் வாக்யூம் கிளீனரின் பிளக்கைப் பிடுங்கிவிடும்படியும் சொல்லியிருக்கிறேன். அக்கா, இப்ப கேக்குதா? நீங்க இல்லன்னா நாங்க இல்லக்கா.