மாமா தெரிந்தெடுத்த நாய்

என் மாமா ஒரு பொய்யர். அவர் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதுகிறேன். பிறகு எழுதினால் மரியாதை பார்க்க வேண்டிவரும்.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரில் இருந்த காலத்தில், ஊரில் ஷெல் விழத் தொடங்குமுன், நாய்களோடு காட்டுக்குப் போய் முயலும் பன்றியும் பிடித்தவர். ஆக்லாந்துக்கு வந்தபின் ஒனிஹங்காவில் ஒரு டயர் கடையில் வேலை செய்துகொண்டு, மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வாடகை வீட்டில் தங்கியிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டில் கள்ளன் புகுந்தபின், அப்பா மாலை வேலைக்கு விமான நிலையம் போய்விடுவதால் எங்களுக்கும் ஒரு நாய் வேண்டும் என்று முதலில் சொன்னது மாமாதான். தெரிந்தெடுக்கும் பொறுப்பும் அவரிடமே போனது.

கடைக்கு வரும் வெள்ளைக்காரர் ஒருவர் வாத்து சுடுகிறவர். நகருக்குத் தெற்கே பண்ணை. அவர் கொடுத்துவிட நினைத்த இரண்டு வேட்டை நாய்களில் ஒன்று பொயின்டர், மற்றது ஸ்பானியல். ஒரு சனிக்கிழமை மாமாவும் அம்மாவும் நானும் போனோம். மாமாவின் ஆங்கிலம் டயருக்கு மட்டும் போதும் என்பதால் மொழிபெயர்ப்பு என் வேலை. வங்கி, வைத்தியர், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் எங்கள் வீட்டின் வாய் நான்தான். அதில் எனக்குத் திமிர் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

பொயின்டரைப் பார்த்ததும் எனக்கு மற்ற நாய் தேவைப்படவில்லை. கடும் கபில நிறம். உடம்பில் ஒரு பிடி கொழுப்பில்லை. புல்லுக்குள் ஏதோ மணந்ததும் ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி, அப்படியே நின்றது. ஸ்பானியலுக்கு நீளக் காது, நீள மயிர், மயிரெல்லாம் சேறு.

அந்த மனிதர் நேர்மையானவர். பொயின்டர் அருமையான நாய், அதன் பின்னால் நடக்கத் தன் முழங்கால் விடுவதில்லை என்றார். ஸ்பானியலுக்கு வெடிச்சத்தம் என்றால் பயம், துப்பாக்கி வெடித்தால் காலுக்குள் புகுந்துவிடும், தனக்கு உதவாது என்றார். ஒரு சொல் விடாமல் மாமாவிடம் சொன்னேன். அம்மா தள்ளி, காருக்குப் பக்கத்தில் நின்றார். மாமா "ம்" என்றார். பிறகு சும்மா பார்ப்பதுபோல் தீன் வாளியின் தகர மூடியைக் கையில் எடுத்தார். அது சீமெந்துத் தரையில் விழுந்தது.

அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். பொயின்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைப் பார்த்தது. ஸ்பானியல் எஜமானைத் தாண்டி ஓடி, அம்மாவின் கால்களுக்கிடையில் தலையைச் செருகிக்கொண்டு நடுங்கியது. சற்று நேரம் கழித்து அம்மா கையை இறக்கி அதன் காதைத் தடவினார். மாமா நாய்களைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைதவறிப் போச்சுது" என்றார். பிறகு ஸ்பானியலைக் காட்டினார்.

காரில் நான் அழுதேன். மாமா காரணம் சொன்னார்.

"பொயின்டர் தூரம் போற நாய், பிள்ளை. ஓட விடாட்டி வேலியத் திண்டிடும். ஸ்பானியல் காலுக்குள்ள நிண்டு வேலை செய்யிற நாய். எங்கட வீட்டுக்கு அதுதான் சரி."

அவருக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது விளங்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது.

அம்மா அதற்கு ஜிம்மி என்று பெயர் வைத்தார். ஊரில் அவர் வீட்டில் வளர்ந்த எல்லா நாய்க்கும் அதுதான் பெயராம். சோறும் கருவாட்டுத் தலையும் தின்று ஜிம்மி கொழுத்தது. கார்பெட் முழுக்க மயிர்.

அடுத்த மாதம் பாபடோயிட்டோயில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். பலூன் வெடித்தாலே எங்கள் காவல் நாய் ஒளிந்துகொள்ளும் என்று கதை பரப்பியது நான்தான். ரோல்ஸ் பலகாரத் தட்டோடு ஆண்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன வேட்டைக்காரர், உங்கட நாய் காட்டுக்குள்ள போகுமோ, கட்டிலுக்குக் கீழ போகுமோ?"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"நான் என்ன செய்ய? அது பயந்த நாயெண்டு வெள்ளைக்காரன் சொன்னதை இவள் எனக்குச் சரியாச் சொல்லேல்லை."

சிரிப்பு முழுவதும் என் பக்கம் திரும்பியது. அம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு பல மாதம், நான் எதை மொழிபெயர்த்தாலும் யாராவது ஒருவர், வடிவாகக் கேட்டுத்தான் சொல்கிறாயா என்பார்.

நவம்பர் முதல் வாரம் இங்கே வெள்ளைக்காரருக்கு வெடிநாள். வாங்கிய வெடி தீரும்வரை மாலை தோறும் தெரு அதிரும். முந்தின வருடம் அந்த மாலைகளில் அம்மா சலவை அறைக்குள் நின்று மெஷினை ஓடவிட்டார். நான் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் மட்டும். உடுப்பைப் போட மறந்துவிட்டீர்கள் என்றேன். தலையிடி என்றார். மாமாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

இந்த வருடம் மெஷின் ஓடவில்லை. அம்மா சலவை அறைத் தரையில் இருந்தார். மடியில் ஜிம்மியின் தலை.

"ஒண்டுமில்லையடா. பெடியள் வெடி கொளுத்துறாங்கள். இது வேற சத்தம். மேல போய் வெடிக்கும், கீழ விழாது."

ஒவ்வொரு வெடிக்கும் அதையே சொன்னார். குரல் நடுங்கவில்லை. வெளியே நடைபாதைச் சுவரில் சாய்ந்தபடி மாமா நின்றார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

தன் பிழையை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது இனித்தது. சலவை அறையில் யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தனக்காகத்தான் அந்த நாய் என்று தெரிந்தால் அம்மா மறுநாளே அதைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்பதும் தெரியவில்லை.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. இனி யாருக்கு ஒளிக்க வேண்டும்? வருகிற மாதம் மாமாவுக்கு எழுபது வயது. விழா அதே மண்டபத்தில்தான். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப்பேர் வருவார்கள். மாமா, மைக்கை வாங்கி அவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நான் சரியாகத்தானே சொன்னேன்? அந்த மூடி கைதவறி விழுந்ததா, நீங்கள் போட்டீர்களா?