வெயிலில் பார்த்த விளக்கு

சந்தேகப்படுவதுதான் என் வேலை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் தரம் பார்க்கிறேன். வாசல் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். கரண்ட் போனால் உதவட்டும் என்று எமர்ஜென்சி லைட் வாங்கப் போன கடையிலும், பழக்கதோஷத்தில் விளக்கை வெயிலுக்குத் தூக்கி வந்தேன்.

கடைக்காரர் சிரித்தார். "வெயில்ல இன்னாம்மா தெரியும்? ஷட்டரை இறக்குனாதான் வெளிச்சம் ஜாஸ்தியா கம்மியான்னு தெரியும்."

தனியாக வந்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? "ஒண்ணும் வேணாம்" என்று விளக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

அவர் முகம் சுருங்கியது. "தப்பா எடுத்துக்காதம்மா. நான் வெளிய நிக்கிறேன், நீயே இறக்கிப் பாரு" என்று தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

தயங்கித் தயங்கி மறுபடி உள்ளே போய் ஷட்டரை இறக்கினேன். விளக்கைப் போட்டதும் முதலில் தெரிந்தது, பூட்டாமல் கிடந்த அவருடைய கல்லாப்பெட்டி. என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.