மாமா கொண்டுவந்த இலை

மகளே, "நான் பிறக்க ஏன்ப்பா அவ்வளவு நாளாச்சு?" என்று போன வாரம் கேட்டாய். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் பாக்கார் ஆராங் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். பிள்ளை இல்லையே என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுப்பாள்.

கரங்கான் எஸ்டேட்டில் இருந்த அவளுடைய தாய்மாமா மாதாமாதம் மோட்டாரில் ஒரு கட்டு இலை கொண்டுவருவார். "மலைவேம்பு தாயி. அரைச்சு வெறும் வயித்துல குடி. கர்ப்பப்பை சுத்தமாயிடும்." அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். எனக்கு யாரும் இலை தரவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவன்தான் ஆண்களுக்கு நல்லதென்று விற்கும் தொங்காட் அலி வேர் கலந்த காப்பிப் பொட்டலம் கொடுத்தான். "ஒரு கப் அடிங்கண்ணே, ரெட்டைதான்லா!" குடித்தேன். தூக்கம்தான் போனது.

ஒருநாள் அம்மா அந்த இலையை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வந்தார். நாங்கள் அவரை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "சம்பல் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"ஐயோ மக்சிக், அது பிள்ளைக்கு மருந்து!"

"மருந்தா? இது செந்தாங்லா. பலகைக்கு நடுற மரம். கொழுந்தை நாங்க மிளகாய்ச் சம்பல் தொட்டு சோத்தோட பச்சையா சாப்பிடுவோம். எனக்கு ஏழு பிள்ளை. ஆனா இதனால இல்ல!"

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் அசரவில்லை. "வேம்பு மாதிரி இலை, வேம்பைவிடப் பெருசு, மலையோரமா நிக்குது. மலைவேம்பு இல்லாம வேற என்ன மாப்ள?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண் கலங்கியது. "மரத்தையே யாரும் சரியாப் பாக்கல. நம்மளை மட்டும் பாத்தாங்களா? ஏங்க, கிளினிக் போவோம், ரெண்டு பேரும்."

"நானுமா?"

"பின்ன, நான் ஒருத்தியாவா புள்ள பெக்கப் போறேன்?"

இலை, காப்பிப் பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இலைன்னாலும் மருந்துதான். டெஸ்ட் முடியிற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்துங்க," என்றார். அம்மாவுக்கு ஃபோலிக் மாத்திரை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி என்ன வேலை என்று கேட்டார். கையுறை காயவைக்கும் அடுப்புப் பக்கம் என்றேன். "நாள் முழுக்கச் சூட்டுலயா?"

டெஸ்ட் முடிவு வந்தது. அம்மாவுக்குக் குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் விந்தணு குறைவு. சூடு ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆச்சரியம். இத்தனை பேர் இத்தனை மருந்து சொன்னார்களே, என் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! மேனேஜரிடம் கேட்டு பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் நீ பிறந்தாய். வேலை மாறியதாலா, தானாகவே நடந்ததா? டாக்டரம்மாவிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே உன்னைத் தராசில் வைத்தார். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாமாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "என் இலை லேட்டா வேலை செஞ்சிருக்கு," என்று உன்னைப் பார்க்க இன்னொரு கட்டோடு வந்தார். அம்மா மறுக்காமல் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குச் சம்பல் கேட்டு என்னை அனுப்பினாள்.