பொட்டு வைத்த பீரங்கி வண்டி

அந்தக் கோடை விடுமுறையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பக்கத்து வீட்டு மாமா, கல்ஃபிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் தன் மகளுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள், பல்சக்கரங்கள், சங்கிலியாகக் கோக்கும் கண்ணிகள், ஒரு மோட்டார். கூடவே ஒரு கடிதம்: பெட்டியைத் திறக்காதே, நான் லீவில் வந்ததும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறப்போம்.
2. பெட்டி இரண்டு மாதம் அலமாரியின் மேல் இருந்தது.
3. மாமா வர ஆறு நாள் இருக்கும்போது அவர் மகளும் நானும் அதைத் திறந்தோம்.
4. பீரங்கி வண்டி ஒன்று கட்டினோம். அது சரிவில் ஏறவில்லை.
5. நான் அதற்கு ரப்பர் பால் பூசினேன். ஏறியது.
6. மாமா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முதல் வருடம் முடித்திருந்தேன். அவள் கேரள எல்லைக்கு அப்பால் தனுவச்சபுரத்தில், பிளஸ் டூவுக்குச் சமமான பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை இறக்கி என் மடியில் வைத்தவள் அவள்தான்.

“அப்பா வந்தப்பொறவு புதுசா திறக்குத மாதிரி திறப்பேன். நீ டேப்பை கிழியாம எடுத்தாப் போதும், கேட்டியா?”

“பிளேடு கொண்டா.”

மாமா பாலைவனத்தில், இரும்புச் சங்கிலியில் ஓடும் புல்டோசர் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மகளோடு சேர்ந்து அவர் செய்ய நினைத்த ஒரே காரியத்தை ஒரு பிளேடால் அறுக்கிறோம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது.

முதலில் மோட்டாரை நேராகச் சக்கரத்தில் இணைத்தோம். வண்டி சீறிப் பாய்ந்து கட்டிலின் காலில் முட்டி நின்றது. பிறகு எட்டுப் பல் சக்கரத்தை நாற்பது பல் சக்கரத்தோடு கோத்தேன். அதே ஜோடியை இன்னொரு முறையும் கோத்தேன். ஐந்தில் ஒரு பங்கு வேகம், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் முதலில் இரண்டு விரலால் பிடித்து நிறுத்த முடிந்த அதே மோட்டார், இப்போது என் இரண்டு கைகளையும் தள்ளிக்கொண்டு மெதுவாக முன்னால் போனது. நான் கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தேன். கணக்குக்கு இவ்வளவு பலம் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பெஞ்சில் சாய்த்த பலகையில்தான் தோற்றது. சக்கரங்களுக்கு மேல் மாட்டிய சங்கிலி சுற்றியது, வண்டி வழுக்கி இறங்கியது. ரப்பர் மரம் நிற்கிற வீட்டில் வழுக்குகிற எதற்கும் ஒரே மருந்துதான். ஏணிக்கால், தேய்ந்த செருப்பு எல்லாவற்றுக்கும் பால் பூசுவோம். காலையில் எங்கள் மரத்தில் பால் வடியக் கட்டிய தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பால் எடுத்து, பழைய பிரஷ்ஷால் சங்கிலியின் வெளிப்பக்கம் முழுக்க இரண்டு தடவை பூசி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வண்டி பலகையில் ஏறியது.

“ஏட்டி, ஏறுது பாரு!” என்று கத்தினேன்.

“மெல்லச் செல்லு, அம்மை கேப்பா.”

ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன். நம்ப முடியாமல், என் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, சங்கிலிக் கண்ணி ஒன்றின் உட்பக்கம் ஒட்டிவிட்டுத் தரையில் ஓட்டினேன். பொட்டு மேலே முன்னோக்கிப் போனது, வளைந்து கீழே இறங்கியது, கண்ணி தரையைத் தொட்டதும் நின்றுவிட்டது. வண்டி முழுவதும் அதைக் கடந்து போகும்வரை அது அசையவே இல்லை. ஓடுகிற வண்டியின் அடியில் ஓடாத ஒன்று. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நின்றது.

மறுநாள் வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தால் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் அழத் தொடங்கினாள். “அப்பா கேட்டா நான் என்னத்தச் செல்லுவேன்?” நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினேன். காய்ந்த பால் ஒரே நாடாவாக உரிந்து வந்தது, ஒவ்வொரு கண்ணியின் அச்சும் பதிந்து. பிறகு கட்டைகளைப் பட்டியலோடு சரிபார்த்து உறைகளில் போட்டேன். பெட்டியை ஒட்டிய பசை காய்வதற்குள், கூரையில் அட்டைப்பெட்டிகள் கட்டிய டாக்ஸி வாசலில் வந்து நின்றது.

அன்று மாலை ஜெபம் முடிந்ததும் மாமா என்னையும் கூப்பிட்டார். “பாலிடெக்னிக்காரி, வா மக்கா. நீயும் காணு.” மகளை அருகில் இருத்தி, அவள் கையைப் பிடித்து டேப்பைக் கிழிக்கவைத்தார். முதல் உறையைப் பாயில் கொட்டினார். கண்ணிகள் சிதறின. ஒன்று மல்லாந்து விழுந்தது. அதில் பொட்டு.

மாமா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “நம்ம வீட்டுல ஆரும் பொட்டு வைக்கமாட்டோமே?” அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார்.

“நானாக்கும் அவகிட்ட திறக்கச் சென்னேன்பா,” என்றாள் அவள்.

“ரெண்டு மாசம் இருந்துது. ஆறு நாளு இருக்கப்பிடாதா மக்கா?”

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அவர் கண்ணியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்:

“செயின் வண்டியா கெட்டினிய?”

“ஆமா மாமா.”

“ஏறிச்சா?”

“முதல்ல ஏறல்ல. பால் பூசினோம். ஏறிச்சு.”

“ரப்பர் பாலா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்க கம்பெனி எஞ்சினியருக்கு இது தெரியாதே!”

மறுநாள் காலை சிரட்டையோடு எங்கள் தோட்டத்தில் நின்றார். “இத்திரி பால் தா மக்கா.” வண்டியை இந்த முறை அவரும் மகளும் கட்டினார்கள். அவர்கள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன், பொட்டை எதற்கு ஒட்டினேன் என்பதற்கும். சாயங்காலம் அவர் புது லுங்கியோடு சிமெண்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, பொட்டைப் பார்த்தார்.

“நிக்குது,” என்றார். எழுந்திருக்காமலே மகளை இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். “ஒம்பது வருசமா இதுக்க மேல இருந்து ஓட்டுதேன். அடியில என்ன நடக்குன்னு இப்பளாக்கும் காணுதேன்.”

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் பல்சக்கரங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாமா இன்னும் கல்ஃபில்தான் இருக்கிறார். பெட்டி அவர்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது, அவர் வரும்போதுதான் இறக்குவார்கள். அதில் ஒரு கண்ணி குறைவு. மாமாவே கழற்றி எனக்குத் தந்த அது, என் மேஜை இழுப்பறையில் பொட்டோடு இருக்கிறது.