செத்த ஹெட்போனும் வெளுத்த காதும்

சைபீரியாவின் யாகுத்ஸ்க் நகரத் திறந்தவெளி மீன் சந்தையில் அய்தாலைத் தெரியாதவர் இல்லை. நல்ல பெயரால் அல்ல. வயது முப்பத்தொன்று. இரண்டு படிப்பைப் பாதியில் விட்டவன். மாமன் பிடித்து அனுப்பும் நெல்மா மீனை, உறைந்த கோலத்திலேயே விறகுபோல் நிறுத்தி விற்றான். ஐந்து வருட உழைப்பில் அவன் சேர்த்த சொத்து ஒரு ஹெட்போன்.

பக்கத்துக் கடை உல்யானாவுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அவள் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால், பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். குளிரில் தோல் உறைந்து வெளுத்தால் சொல்ல வேண்டும். கேட்டவர் உடனே கணப்பு இருக்கும் காவல்காரர் அறைக்குள் போய்விட வேண்டும். ஐந்து குளிர்காலமாகியும் அய்தால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அன்று மைனஸ் நாற்பத்தேழு. ஹெட்போன் மாட்டுவதற்காக, காது மூடும் ரோமத் தொப்பியை வீட்டில் விட்டு, காதை மூடாத மெல்லிய குல்லாயோடு வந்து நின்றான். ஹெட்போனின் திண்டு காதின் நடுவை மட்டும் மூடியது. மேல்விளிம்பு வெளியே, அதை ஒட்டி இரும்புப் பட்டை.

"மைனஸ் அம்பதுலயும் பாடும்க்கா. பெட்டியிலயே போட்டிருக்கு."

"பெட்டியில எழுதுனவன் எந்த ஊர்க்காரன்?"

அவன் தலையாட்டி ரசிக்கத் தொடங்கிவிட்டான்.

உச்சி வேளையில் அந்த விளிம்பு மெழுகுபோல் வெளுத்திருந்தது.

"டேய் அய்தால், காது வெளுத்துடுச்சு. உள்ள போ."

தலை ஆடியது. மூன்று தரம் கத்தியும் ஆடிக்கொண்டே இருந்தது.

"கச்சேரி நடக்குது, விடுக்கா," என்றான் எதிர்க்கடை புரோக்கோப்பி.

உல்யானா முழ நீள மீன் ஒன்றை எடுத்து அய்தாலின் முதுகில் தட்டினாள். திரும்பியவன் ஹெட்போனைப் பற்றினான்.

"இழுக்காத, ஒட்டியிருக்கும்."

இழுத்தான். தோலும் வந்தது.

காவல்காரர் அறையில், காதில் தேய்க்கப் பனி கேட்டான்.

"தேச்சா மிச்சமும் போகும். கைய எடு."

உலர்ந்த துணியைத் தளர்வாகச் சுற்றி, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னாள். பிறகு ஹெட்போனின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

"இது எப்போ செத்துச்சு?"

"கடை தொறந்து பத்து நிமிஷத்துல."

"அப்போ நான் கத்துனது?"

"கேட்டுச்சுக்கா. திரும்புனா, ஹெட்போன் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சு புரோக்கோப்பி அண்ணன் சிரிப்பாரு."

குடித்துவிட்டுப் பனியில் விழுந்து விரலை இழந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பேட்டரியின் மானம் காக்கக் காதைக் கொடுத்தவனை அன்றுதான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் காது விளிம்பில் நகத்தளவு அறுத்து எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, ரோமத் தொப்பியைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டு வந்தான். எந்தச் சிரிப்புக்குப் பயந்தானோ அதைப் புரோக்கோப்பி சாயங்காலம் வரை சிரித்து முடித்தான். கடை கட்டும் நேரத்தில் அய்தால் மெல்லச் சொன்னான்.

"அக்கா, உங்க மூக்கு நுனி வெளுத்திருக்கு."

உல்யானா கையுறையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். காவல்காரர் அறை வாசலில் நின்று திரும்பினாள்.

"கண்ணு தெரியுது போல. போன மாசமே இப்படி என் பக்கம் திரும்பியிருந்தா, காது முழுசா இருந்திருக்கும்."