இரண்டாவது குழாய்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் முட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக அடைவைத்த கோழிமுட்டைகளை உடைத்து, கருவை எடுத்து அரைத்து, அதிலிருந்து நொதிகளைப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

ஒரு நாள் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி கருவுக்குள் இருக்கிறதாம். அப்படியானால் உள்ளே வைரஸ் ஒளிந்திருக்கிறதாம்.

முட்டையக்காவுக்கு அது உறுத்தியது. அவர் சோதனைக்குக் கொடுத்த ஆர்.என்.ஏ. இழையைச் செல்லின் சொந்த நொதியும் நகலெடுக்கும். அதனால் வைரஸ் நொதி மட்டுமே நகலெடுக்கும் வேறோர் இழையை இரண்டாவது குழாயில் போட்டுப் பார்த்தாள். நகல் உண்டானால் எண்ணிக் காட்டும் கருவி அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

“சார், இது வைரஸோடது இல்ல. செல்லோட சொந்தச் சரக்குதான். நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க.”

“உங்க வேலை முட்டை உடைக்கிறதும்மா. அதோட நிறுத்திக்குங்க.”

அந்தப் பக்கத்தைப் படிக்காமலே அடியில் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை வந்தது, கைதட்டலும் வந்தது. நன்றி சொன்ன இடத்தில் முட்டைப் பெட்டி விற்ற கம்பெனியின் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை.

மறுவருடம் வேறோர் ஆய்வுக்கூடத்தார் அதே இரண்டாவது சோதனையைச் செய்து குட்டை உடைத்தார்கள். பேராசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு விளக்கம் எழுதினார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளைப் பற்றி ஒரு வரி அச்சில் வந்தது:

‘உதவியாளரின் கவனக்குறைவால் இரண்டாவது சோதனை செய்யப்படவில்லை.’